சனிக்கு நான் செய்த டச்சப்

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒரு கலர் லேபில் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். என் வேலைக்கு டச்சப் என்று பெயர். போட்டோவில் இருக்கிற முகத்தைக் கம்ப்யூட்டரில் சுத்தம் செய்வது. பரு, மச்சம், அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழே கறுப்பு, எதுவானாலும் என் கைக்கு வந்தால் அப்புறம் இருக்காது. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புகிற போட்டோ என்றால் பெண்ணைப் பெற்றவளே என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, இன்னும் கொஞ்சம் வெள்ளையாக்கு, இன்னும் கொஞ்சம் என்று உயிரை வாங்குவாள். ஆக்கிக் கொடுப்பேன். அப்புறம் பெண்ணை நேரில் பார்த்துவிட்டு இரண்டு வீட்டாரும் அடித்துக்கொண்டால் அது என் தலைவலி இல்லை.

கல்யாண வேலை போக மீதி நேரத்தில் பாஸ்போர்ட், விசா போட்டோ. அந்த வருஷங்களில் ஊரே மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் படித்தவன் அமெரிக்காவுக்கு, படிக்காத பெண்கள் குவைத்துக்கு வீட்டு வேலைக்கு. ஒரு தடவை புத்தலப்பட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மாளின் கன்னத்து மச்சத்தைக் கைப்பழக்கத்தில் எடுத்துவிட்டேன். அந்த மச்சத்தைத்தான் அவள் விண்ணப்பத்தில் அங்க அடையாளமாக எழுதியிருந்தாள். திரும்பி வந்து கவுண்டரில் நின்று தெலுங்கில் என்னைக் கிழி கிழியென்று கிழித்துவிட்டுப் போனாள். அன்றைக்கு ஓனர் ஒரு சட்டம் போட்டார். விசாவுக்கு என்றால் புள்ளியைத் தொடாதே, கல்யாணத்துக்கு என்றால் புள்ளியை விடாதே.

என் தம்பிக்கும் விசா போட்டோ நான்தான் எடுத்தேன். அவன் திருப்பதியில் இன்ஜினியரிங் முடித்து, ஹைதராபாத்தில் ஒரு வருஷம் இருந்துவிட்டு, அமெரிக்காவுக்குப் போனவன். எங்கள் ஊர் புத்தூருக்குப் பக்கத்தில். எங்கள் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவோம், ஊரார் கரும்புத் தோட்டத்தில் வெட்டுக் கூலிக்குப் போய், பிற்பாடுதான் சொந்தமாக ஏதோ கொஞ்சம் நிலம் பார்த்தார். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து ஒருவன் அமெரிக்கா போனால் அவனை எல்லாரும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடத்தான் செய்வார்கள். அவன் படிக்கட்டும் என்று நான் இன்டரோடு, அதாவது பன்னிரண்டாவதோடு, நிறுத்தியதைப் பற்றி இங்கே பேச வரவில்லை. அதை நானாகத்தான் செய்தேன். நான் பேச வந்தது சனியைப் பற்றி.

சனிக்கிரகத்தைச் சுற்றிக்கொண்டு ஒரு விண்கலம் போட்டோ எடுத்து அனுப்புகிறது, வந்த படத்தை வந்தபடியே யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று நெட்டில் போடுகிறார்கள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனில் தம்பி சொன்னான். அவனுக்கு அங்கே ஆபீஸில் சிநேகிதர்கள் இருந்தார்கள். விஞ்ஞானிகள் இல்லை, சும்மா ஆசைக்குச் செய்கிறவர்கள். கறுப்பு வெள்ளையில் வருகிற அந்தப் படங்களுக்குக் கலர் சேர்த்து, வரிசையாகக் கோத்து, நாமே கலத்தில் உட்கார்ந்து சனியைக் கடந்து போகிற மாதிரி சினிமா பண்ணுவார்களாம். அவனும் பண்ணிப் பார்த்திருக்கிறான், வரவில்லை.

"உனக்குத்தான்கா இது கை வந்த வேல. நீ பண்ணு, நான் இங்க போடறேன். உன் பேர்லயே போடறேன்" என்றான்.

உன் பேர்லயே. இந்த வார்த்தையை நான் கேட்கவில்லை. அவனாகச் சொன்னான். ஆனால் அவன் சொன்ன பிறகு எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. லேபில் எத்தனையோ ஆயிரம் முகம் என் கையில் அழகாகிப் போயிருக்கிறது. கவர் மேல் லேபின் பெயர் இருக்கும், ஆல்பத்தில் போட்டோகிராபர் பெயர் இருக்கும். டச்சப் செய்தவளின் பெயரை எவனும் எங்கேயும் போட்டதில்லை. போடவும் கூடாது, போட்டால் முகம் பொய் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அப்படி இருந்தவளிடம் போய், உலகம் முழுக்கப் பார்க்கிற இடத்தில் உன் பெயர் வரும் என்று ஒருவன் சொன்னால் என்ன ஆகும்? எனக்குக் கிறுக்குப் பிடித்தது.

நேரமும் தானாக வந்தது. எங்கள் பக்கத்தில் சுக்கிரன் சூரியனுக்குப் பக்கத்தில் போய் மறைந்துவிட்டால் மூடம் என்பார்கள். மூடம் விடும் வரைக்கும் கல்யாணம் கிடையாது, நிச்சயம் கிடையாது, புது வீடு கூடக் கிடையாது. அந்த வருஷம் மூடம் நீண்டு போனது. பந்தல்காரன், மேளக்காரன், வீடியோக்காரன் எல்லாரும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். லேபில் நாங்களும்தான். மத்தியானத்துக்கு மேல் வேலையே இல்லை. பிராட்பேண்ட் சும்மா கிடந்தது. ஓனரிடம் கேட்டேன். படம் பார்க்கத்தானே, பார்த்துக்கொள் என்றார்.

மறுநாள் ஸ்கிரீனைப் பார்த்ததும் பதறிப்போனார். இது என்ன என்று கேட்டார். சனி என்றேன். கடைக்குள் சனியைக் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறாயா, அதுவும் வாசலைப் பார்த்து என்று குதித்தார். கோயிலிலேயே சனிக்கு நேர் எதிரில் நிற்காமல் பக்கவாட்டில் நின்று கும்பிடுகிற மனுஷன் அவர். கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். ஸ்கிரீன் சுவரைப் பார்க்கிற மாதிரி என் டேபிளைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். அவர் அந்தப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார். எனக்கு அது நிம்மதியாகப் போயிற்று.

வேலை லேசாக இல்லை. ஒரே காட்சியைக் கலம் மூன்று கண்ணாடி வழியாக எடுக்கும். ஒன்று சிவப்புக்கு, ஒன்று பச்சைக்கு, ஒன்று நீலத்துக்கு. மூன்றும் வருவது கறுப்பு வெள்ளையில்தான். ஒன்றின் மேல் ஒன்று வைத்துக் கலர் கொடுத்தால்தான் நிஜக் கலர் கிடைக்கும். ஆனால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் கலம் கொஞ்சம் நகர்ந்துவிடும். அப்படியே வைத்தால் மட்டமான காலண்டரில் சாமி உதட்டின் சிவப்பு உதட்டைத் தாண்டி நிற்குமே, அந்த மாதிரி ஓரமெல்லாம் வண்ணம் வழியும். ஒவ்வொன்றையும் மயிரளவு தள்ளித் தள்ளிப் பொருத்த வேண்டும். பிறகு கலம் விட்டு விட்டு எடுத்த இடங்களில் இடைப் படங்களை நாமே செய்து நிரப்ப வேண்டும், இல்லையென்றால் சினிமா குதிக்கும். கல்யாண வீடியோவில் பெண்ணின் குழந்தைப் படம் மெல்ல மணப்பெண்ணாக மாறுமே, அதை நூறு தடவை செய்தவள் நான். அதே வித்தைதான்.

ஊரிலிருந்து லேபுக்கு ரயிலில் வரும்போதும் போகும்போதும் அதே நினைப்பு. ரேணிகுண்டாவில் வண்டி மாறி நிற்கும்போது கூட அந்த வளையங்கள்தான் கண்ணில் நிற்கும். வளையத்தின் நிழல் சனியின் உடம்பில் கோடு கோடாக விழுந்திருக்கும். முதல் தடவை கலர் சரியாகப் பொருந்தி, பாலில் மஞ்சள் கலந்த நிறத்தில் அது ஸ்கிரீனில் எழுந்து நின்றபோது நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அத்தனை சந்தோஷத்தை அந்த லேபில் நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.

ஒரு தொல்லை இருந்தது. வந்த படங்களில் எல்லாம் வெள்ளைப் புள்ளிகள். விண்வெளியில் பறக்கிற ஏதோ கதிர்கள் கேமராவில் பட்டு விழுகிற புள்ளிகளாம். எல்லாரும் அதை எடுத்துவிட்டுத்தான் செய்வார்கள் என்று தம்பி சொல்லியிருந்தான். எடுப்பதுதானே என் தொழில். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தேன். ஒவ்வொரு படமாக, மூலை மூலையாக, ஒரு புள்ளி விடாமல் எடுத்தேன். ஒரு புள்ளி மட்டும் அடங்கவே இல்லை. இந்தப் படத்தில் எடுத்தால் அடுத்த படத்தில் கொஞ்சம் தள்ளி நிற்கும். அதை எடுத்தால் அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம் தள்ளி. சில முகங்களில் பிடிவாதமான மச்சம் ஒன்று இருக்கும், எத்தனை பூசினாலும் நிழலாகத் தெரியும். அதைப் போலத்தான் நினைத்தேன். மற்ற புள்ளிகளை விட அதை இன்னும் கவனமாக, அடியில் இருந்த வளையத்தின் கோடு கூடக் கலையாமல், தடயமே இல்லாமல் எடுத்தேன். சனியை நான் கல்யாணக் கணக்கில் சேர்த்துவிட்டேன். எடுத்து முடித்துவிட்டு, இதை எவனாலும் கண்டுபிடிக்க முடியாது என்று பெருமை வேறு பட்டுக்கொண்டேன்.

மொத்தம் நாற்பது விநாடிப் படம். கல்யாண வீடியோவில் மிக்ஸிங் செய்தவன் கடைசியில் தன் பெயரைப் போடுவான், பூ விழுகிற மாதிரி, நட்சத்திரம் சிதறுகிற மாதிரி. நான் பூவெல்லாம் போடவில்லை. சனி சின்னதாகிப் போன பிறகு, கறுப்புத் திரையில் மூன்று விநாடி, இங்கிலீஷ் எழுத்தில், இனிஷியலோடு என் பெயர். ஆடாமல் அசையாமல் நிற்கும். தம்பிக்கு அனுப்பினேன். அவன் அசந்துபோனான். அன்றைக்கு ஆபீஸில் வேலையே ஓடவில்லை என்று எழுதினான்.

ஒரு வாரம் கழித்து அந்த ஆசைக்காரர்களின் நெட் பக்கத்தில் படம் வந்தது. மத்தியானச் சாப்பாட்டைக் கூடப் பிரிக்காமல் ஓடவிட்டுப் பார்த்தேன். முப்பத்தேழு விநாடியில் நின்றுவிட்டது. நெட்தான் கோளாறு என்று திரும்ப ஓடவிட்டேன். முப்பத்தேழுதான். படத்தின் மேலே செய்தவர் என்று இருந்த இடத்தில் தம்பியின் பெயர்.

ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருந்து கேட்டேன். இங்கெல்லாம் கல்யாண வீடியோ மாதிரி கடைசியில் பெயர் போட்டால் சிரிப்பார்கள் என்றான். அந்தப் பக்கத்தில் கணக்கு அவன் பெயரில் இருப்பதால் தானாக அவன் பெயர் வந்துவிட்டது, கீழே உன் பெயரை எழுதிவிடுகிறேன் என்றான். எழுதுகிறேன் என்றான், எழுதுகிறேன் என்றான், அவ்வளவுதான். அதற்குள் கீழே பாராட்டு குவிய ஆரம்பித்துவிட்டது. எனக்கு இங்கிலீஷ் தட்டுத்தடுமாறித்தான் வரும். டிக்ஷனரியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தேன். இத்தனை சுத்தமான வேலையைப் பார்த்ததே இல்லை என்று ஒருவர். வளையங்கள் கண்ணாடி மாதிரி இருக்கின்றன, எப்படிச் செய்தாய் என்று ஒருவர். எல்லாருக்கும் தம்பி நன்றி சொல்லியிருந்தான். எப்படிச் செய்தேன் என்று விளக்கம் வேறு. நான் போனில் சொன்னதையெல்லாம் அழகான இங்கிலீஷில் எழுதியிருந்தான். வயிறு எரிந்தது. பொறாமை இல்லை, வயிற்றெரிச்சல். இரண்டும் வேறு.

அதோடு நின்றிருந்தால் கூடப் பொறுத்துப் போயிருப்பேன். தம்பியோடு காலேஜில் படித்த ஒருவன் தெலுங்குப் பத்திரிகை ஒன்றில் நிருபராக இருந்தான். ஒரு நாள் ஜில்லாப் பக்கத்தில் கால் பக்கத்துக்குச் செய்தி. சனியைச் சினிமாவாக எடுத்த நம் ஜில்லா இளைஞர், ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர், அமெரிக்காவில் சாப்ட்வேர் இன்ஜினியர். அமெரிக்காவில் ஒரு அரங்கத்தில் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டி அவனைப் பேச வைத்தார்களாம். பக்கத்தில் அவன் போட்டோ. அந்தப் போட்டோவும் நான் எடுத்ததுதான்.

நைனா நாலு பேப்பர் வாங்கிவிட்டார். ஒன்றைப் புத்தூரில் கண்ணாடி போட்டு வீட்டுச் சுவரில் மாட்டினார். அவர் கரும்பு வெட்டப் போன தோட்டத்துக்காரர் வீட்டுக்கே போய் ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்தார். அந்த வீட்டு வாசலைத் தாண்டி அவரை உள்ளே உட்கார வைத்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. அதை அவர் மூன்று தடவை சொன்னார். நான் பேசாமல் இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. அந்தப் படத்தைச் செய்தது நான் நைனா, ஒவ்வொரு படமும் என் கையால் செய்தது என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், பேப்பரைப் பார்த்தார்.

"யாரு பேர்ல வந்தா இன்னாமா? நம்ம வூட்டுப் பேரு தான?" என்றார்.

அம்மா அடுப்படியிலிருந்தே, நல்ல நாளும் அதுவுமா மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு நிக்காத என்றாள். ஊரில் இருக்கிற பெண்களின் மூஞ்சியெல்லாம் நான் சரி செய்ய வேண்டும், என் மூஞ்சியையும் நானே சரி செய்துகொள்ள வேண்டும். சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிட்டேன்.

மூடம் விட்டு லேபில் வேலை குவிந்த பிறகும் தினமும் ஒரு தடவை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன், கீழே என் பெயரை எழுதியிருக்கிறானா என்று. ஒரு நாள் புதிதாக ஒரு கேள்வி இருந்தது. எந்த நாட்டுக்காரரோ, வயதானவர் என்று எழுத்திலேயே தெரிந்தது. மிக மரியாதையாகக் கேட்டிருந்தார். அந்த நாளில், அந்த நேரத்தில், சனியின் சின்ன நிலா ஒன்று வளையத்துக்கு முன்னால் வலமிருந்து இடமாகக் கடந்து போயிருக்க வேண்டும், என் கணக்குப்படி படத்தில் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும், உங்கள் படத்தில் அது ஏன் இல்லை?

பழைய படங்களைத் திறந்தேன். தொடாத, வந்தபடியே இருந்த படங்கள். வரிசையாக ஓடவிட்டேன். அந்தப் பிடிவாதப் புள்ளி வலது ஓரத்தில் தோன்றி, ஒரு படத்துக்கு ஒரு அடி என்று நிதானமாக நடந்து, வளையத்தைக் கடந்து, இடது பக்கம் போய் மறைந்தது. கதிராவது மண்ணாவது. கண்ட இடத்தில் விழாமல், ஒழுங்காக நடந்து போகிற புள்ளி கறையாக இருக்குமா? சின்னக் குழந்தைக்குக் கூடத் தெரியும். அத்தனை நாள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு உலகத்தை அறுபத்தொரு படத்திலிருந்து துடைத்து எடுத்திருக்கிறேன். தப்பு என்னுடையது. அதில் யாருக்கும் பங்கில்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கூட்டத்தில் இது சாதாரணத் தப்பு இல்லை என்பது போகப் போகத் தெரிந்தது. கலர் கொஞ்சம் கூடினால் குறைந்தால் மன்னிப்பார்கள். இருந்ததை இல்லை என்று காட்டினால் மன்னிக்க மாட்டார்கள். ஒருவர் மோசடி என்றே எழுதியிருந்தார். வேறு எதையெல்லாம் மாற்றினாய் என்று ஒருவர் கேட்டிருந்தார். தம்பி ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே போன் செய்து, "இன்னாக்கா பண்ணி வெச்சிகீற?" என்று கத்தினான். சரி பண்ணித் தருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். தம்பியின் பதில் நீளமாக இருந்தது. அந்தப் பதிலின் நடுவில் என் பெயர் இருந்தது. முழுப் பெயர், இனிஷியலோடு. வேறு எதையும் படிப்பதற்கு முன்னால் கண்ணில் அதுதான் பட்டது. ஒரு விநாடி, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு உடம்பு பூரித்துப்போனது. எழுதிவிட்டானே என்று நினைத்தேன். பிறகுதான் அந்த வரியைப் படித்தேன். இந்த வேலையைச் செய்தது நானில்லை, இந்தியாவில் ஒரு சின்ன ஊரில் கல்யாணப் போட்டோக்களைத் திருத்துகிற என் அக்கா, அவளுக்கு விஞ்ஞானம் தெரியாது, அவளை நம்பியது என் தவறு, மன்னியுங்கள். அதற்குக் கீழே பலரும் அவனைத் தேற்றியிருந்தார்கள். உண்மையை ஒப்புக்கொண்ட உன் நேர்மையைப் பாராட்டுகிறோம் என்று முதலில் மோசடி என்றவரே எழுதியிருந்தார்.

அன்றைக்கு லேபில் ஒரு கல்யாண ஆல்பம் என் கையில் கெட்டது. ஓனரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஆனாலும் சரி பண்ணினேன். கோபத்தில் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த நிலாவை நினைத்தால் விட முடியவில்லை. அது யாருக்கு என்ன செய்தது? அது பாட்டுக்குத் தன் வழியைப் பார்த்துக்கொண்டு போனது. மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில், பதினோரு நாள், அறுபத்தொரு படத்திலும் அதை இருந்த இடத்தில் திரும்ப வைத்தேன். நடுவில் நான் செய்து நிரப்பிய படங்களில் அது எங்கே இருந்திருக்கும் என்று ஸ்கேலை வைத்து அளந்து அளந்து வைத்தேன். முடித்து ஓடவிட்டபோது அது வளையத்தின் மேல் ஊர்ந்து போவதைப் பார்த்து அழுதுவிட்டேன். நிலா இல்லாத படம் வெறும் அழகுதான். இதில் உயிர் இருந்தது.

கடைசியில் பெயர் போடவில்லை. தம்பிக்கு அனுப்பினேன். அவன் போட்டான். பழைய பாராட்டுகளை விட இரண்டு மடங்கு வந்தது. அந்த வயதானவர், இப்போதுதான் படம் முழுமையானது, எத்தனை பொறுமையான கை என்று எழுதியிருந்தார். செய்தவர் என்ற இடத்தில் தம்பியின் பெயர். கீழே எங்கேயும் என் பெயர் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானே போன் செய்தேன். சண்டை போடவில்லை. தப்புக்கு என் பெயரைப் போட்டாயே, சரி பண்ணினதுக்கும் போடு, ஒரு வரி போதும் என்று கேட்டேன். அவன் வீட்டுத் தொலைக்காட்சி ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு, சின்ன வயசில் காய்ச்சலில் கிடந்தால் என்னிடம் பேசுகிற அதே மெல்லிய குரலில் சொன்னான்.

"இப்ப உன் பேரப் போட்டா இந்தப் படத்தையும் ஒருத்தனும் நம்ப மாட்டான்கா. நிலாவ அழிச்சவங்கன்னுதான் அந்தப் பேரு அங்க எல்லார்க்கும் தெரியும்."

அவன் சொன்னதில் பொய்யில்லை. போனை வைத்தேன்.